மேல்காத்துல வர்ற தூசியும் அதுல ஒட்டிக்கிட்டு வர்ற களைக்கொல்லியும்

திருவொற்றியூர்ல மொட்டை மாடி இருக்கற வீட்டுல வளந்தவங்களுக்கு தூசியோட கலரைப் பாத்தே அது எங்கேர்ந்து வருதுன்னு ஓரளவு சொல்லத் தெரியும். விரல்ல தேச்சா மை மாதிரி கறுப்பா இழுத்துக்கிட்டுப் போனா நிலக்கரி. முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி சன்னமா சாம்பல் கலர்ல படிஞ்சா அனல்மின் நிலையத்துச் சாம்பல். மூணாவதா ஒண்ணு இருக்கு, ஆனி பொறந்து மேக்கேர்ந்து அடிக்கற மேல்காத்து பிடிச்சதும் நாலஞ்சு வாரம் வரும், பழுப்பு கலர்ல, கொஞ்சம் சொரசொரப்பா. எங்கம்மா ஈரத்துணியால ஜன்னல் கட்டையைத் துடைச்சு பக்கெட்ல அலசுவாங்க, கொஞ்ச நேரம் அப்படியே விட்டா அடியில வண்டல் மாதிரி தங்கும், மேல தண்ணி மட்டும் கலங்கலாவே நிக்கும், அடுத்த நாள் காலையில பாத்தாலும் தெளியாது. அம்மா பொறந்தது பொன்னேரிப் பக்கம், அதனால அந்தத் தூசிக்கு அவங்க வச்ச பேரு "ஊர் மண்ணு".

அந்தக் கலங்கல் தெளியாம நிக்கறதுதான் இந்தக் கட்டுரையோட விஷயமே. அடியில தங்குறது மணல், தெளியாம மிதக்கறது களிமண்ணோட நுண்துகள். காத்துலயும் இதே கதைதான், பெருசு கீழ விழுந்துடும், சன்னமானது ரொம்ப தூரம் போகும். வயல்ல அடிச்ச களைக்கொல்லி ஒட்டிக்கிட்டிருக்கறது பெரும்பாலும் அந்த சன்னமானதுலதான்.

வடசென்னையில நம்ம தூசி பத்திப் பேசாத நாளே இல்ல. ராயபுரம், தண்டையார்பேட்டை ஜனங்க வருஷக்கணக்கா நிலக்கரித் தூசியை முழுங்கி, கேஸ் போட்டு, கடைசியில 2011ல சென்னை உயர்நீதிமன்றம் சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக்கூடாதுன்னு சொன்னது, அது அப்படியே வடக்க எண்ணூருக்கு நகந்துச்சு. அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டி வைக்கற சாம்பல் குட்டையைப் பத்தியும் இப்ப எல்லாருக்கும் தெரியும். ஆலைத் தூசின்னா அது கெட்டது, மண்ணுத் தூசின்னா வெறும் மண்ணுதானேன்னு ஒரு நினைப்பு நமக்கு ஆழமா பதிஞ்சிருக்கு, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, எங்க சித்தப்பா களை மருந்து வீசுறதைப் பக்கத்துல நின்னு பாக்கற வரைக்கும்.

நெல்லு நடவு முடிஞ்ச மூணாவது நாள் அது. வயல்ல ரெண்டு விரக்கடை தண்ணி நின்னுச்சு. வரப்புல ஒரு யூரியா சாக்கை விரிச்சு அதுமேல காஞ்ச மணலைக் கொட்டியிருந்தார். பாட்டில்ல இருந்த மருந்தை மூடியால அளந்து மணல்மேல ஊத்தி, வெறுங்கையால புட்டு மாவு பிசிறுற மாதிரி பிசிறினார். மணலோட நிறமே லேசா மாறுச்சு, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி. "எதுக்கு சித்தப்பா மணல்ல கலக்குறீங்க, டேங்க்ல ஊத்தி அடிக்க வேண்டியதுதானே"ன்னு கேட்டேன். "மணல்ல பிடிச்சுக்கும்ப்பா, வீசுனா வயலெல்லாம் சீரா விழும், காத்துல பறக்காது"ன்னார். பியூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் மாதிரி நெல்லு களைக்கொல்லிகளுக்கு வேளாண் பல்கலைக்கழகமே சொல்ற முறைதான் இது, எக்டேருக்கு 50 கிலோ காஞ்ச மணல்ல கலந்து தண்ணி நிக்கற வயல்ல வீசணும். கையுறை போடாததுதான் தப்பு.

மருந்து மண்ணைப் பிடிச்சுக்கும்ங்கற விஷயம் விவசாயிக்கு நல்லாவே தெரியும். மணல்ல பிடிக்கிறது வெறும் மேல்பூச்சுதான், களிமண்ல பிடிக்கிறது வேற ரகம். பாராகுவாட்னு ஒரு களைக்கொல்லி, அதுக்கு நேர்மின்னூட்டம், களிமண் தகட்டுக்கு எதிர்மின்னூட்டம், ரெண்டும் ஒட்டுனா காந்தம் மாதிரி விடவே விடாது, வருஷக்கணக்குல மண்ணுலயே கிடக்கும். கிளைபோசேட், அதான் 1974ல ரவுண்டப்னு விக்க ஆரம்பிச்ச மருந்து, மண்ணுல இருக்கற இரும்பு, அலுமினியத்தோட போய் இறுக்கமா சேந்துக்கும். பென்டிமெத்தலின்னு மஞ்சளா இருக்குமே, மானாவாரியில விதைச்ச கையோட அடிப்பாங்களே, அது மண்ணுல மக்கிக் கிடக்கற இலைதழையில ஒட்டிக்கும். எல்லா மருந்தும் இப்படி கிடையாது, 2,4-டி, அட்ரசின் எல்லாம் அவ்வளவு இறுக்கமா ஒட்டாது, தண்ணியோட போயிடும், அட்ரசின் நிலத்தடி நீர்ல இறங்குறதாலதான் ஐரோப்பிய ஒன்றியத்துல 2004ல அதோட அனுமதியை எடுத்துட்டாங்க. அதனால தூசியில தேட வேண்டியது முக்கியமா மண்ணை விடாத மருந்துகளை. "மண்ணுல நல்லா ஒட்டிக்கும், அதனால கிணத்துக்கு இறங்காது, பயமில்ல"ன்னு கடையில சொல்லி விப்பாங்க, அது உண்மைதான், ஆனா மண்ணே எழுந்து நடந்தா மருந்தும் கூடவே நடக்கும்ல.

மண்ணு எப்படி எழும்புதுன்னு பாக்கலாம். சன்னமான துகளைக் காத்து நேரா தூக்கிடும்னு நாம நினைப்போம், அப்படி இல்ல. களிமண் துகள் ஒண்ணோட ஒண்ணு கெட்டியா ஒட்டிக்கிட்டு தரையோட படிஞ்சு கிடக்கும், காத்து மேல வழுக்கிக்கிட்டுப் போயிடும். சுமாரா மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் தாண்டுனதும் காஞ்ச தரையில இருக்கற மணல் பருக்கைதான் முதல்ல அசையும், அது தவ்வும், தவ்வி விழற இடத்துல தரையை மோதி உடைக்கும், அந்த மோதல்ல கட்டியா இருந்த களிமண்ணு பொடிஞ்சு மேல கிளம்பும். கேரம்போர்டுல ஸ்ட்ரைக்கர் அடிச்சா காய் சிதறுற மாதிரி. பிரிட்டிஷ் ராணுவத்துல இன்ஜினியரா இருந்த பேக்னால்டுங்கறவர் இந்தத் தவ்வலை விளக்கி 1941லயே எழுதி வச்சுட்டார். நம்ம ஊர்ல மணல் பருக்கைக்குக் காத்திருக்கவும் வேண்டாம், டிராக்டர் ரோட்டாவேட்டர் அந்த வேலையை ஒரே ஓட்டுல செஞ்சு முடிச்சுடும், மேமாசம் எலும்பா காஞ்ச வயல்ல ரோட்டாவேட்டர் ஓடும்போது பின்னாடி எழும்புற புழுதியைப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

எழும்புனது எவ்வளவு தூரம் போகும்? மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு இருக்கற துகள் ஒரு செகண்டுக்கு அரை மீட்டர் கணக்குல கீழ இறங்கும், பனைமர உயரம் போனாலும் அடுத்த வயல்லயோ அதுக்கு அடுத்த வயல்லயோ விழுந்துடும். அதுல பத்துல ஒரு பங்கு சைஸ், அதாவது நம்ம பிஎம் 10னு சொல்றோமே அந்த சைஸ் மண்துகள், செகண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கூட இறங்காது. 100 மீட்டர் உயரத்துக்குப் போயிடுச்சுன்னா கீழ வர மூணரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள மணிக்கு 18 கிலோமீட்டர் காத்து அதை 60 கிலோமீட்டர் தள்ளிக்கிட்டுப் போயிடும். பொன்னேரி சென்ட்ரல்லேர்ந்து ரயில்ல 35 கிலோமீட்டர்தான். கும்மிடிப்பூண்டி லோக்கல்ல போனா அத்திப்பட்டு வரைக்கும் சாம்பலும் கன்டெய்னரும், மீஞ்சூர் தாண்டுனா வயலு, இவ்வளவுதான் இடைவெளி.

இதுல என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒண்ணு. மொத்த மண்ணுல எவ்வளவு மருந்து இருக்கோ அதே அளவு தூசியிலயும் இருக்கும்னு சொல்ல முடியாது, தூசியில கூடத்தான் இருக்கும். லோயஸ்ங்கற மண்ணை, அதுவே காத்து கொண்டாந்து குவிச்ச மண்ணுதான், காத்துச் சுரங்கத்துல வச்சு ஊதிப் பாத்த ஆய்வு 2017ல வந்துச்சு, அதுல கிளைபோசேட்டும் அது சிதைஞ்சு உண்டாகுற ஏஎம்பிஏவும் சன்னமான துகள்லதான் அதிகமா இருந்துச்சு, 10 மைக்ரானுக்கும் கீழ, அதாவது பிஎம் 10 சைஸுக்கும் கீழ இருக்கற துகள்ல. காரணம் சிம்பிள், ஒட்டறதுக்கு வேண்டியது மேற்பரப்பு, ஒரு கல்லை உடைச்சு மாவாக்குனா மேற்பரப்பு பல மடங்கு ஆகும். இன்னொண்ணு, களைக்கொல்லியை மண்மேலதான் அடிக்கிறோம், அது மேல் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்லதான் நிக்கும், காத்து எடுத்துக்கிட்டுப் போறதும் அதே தோலைத்தான். அப்புறம் காஞ்ச மண்ணுல மருந்தைத் தின்னு செரிக்கிற நுண்ணுயிர் வேலை செய்யாது, ஈரத்துல வாரக்கணக்குல அழிய வேண்டியது காஞ்சு கிடந்தா மாசக்கணக்கா நிக்கும். ஆக எந்த மண்ணு பறக்குதோ அதுலதான் மருந்து அழியாமலும் இருக்கும்.

இதெல்லாம் புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. அமெரிக்காவுல டெக்சாஸ் மேட்டுநிலத்துலேர்ந்து கிளம்புன புழுதி 1,500 கிலோமீட்டருக்கு மேல பறந்து வந்து 1965 ஜனவரி 26ந்தேதி சின்சினாட்டி ஊர்ல மழையோட சேந்து விழுந்துச்சு, அதை அள்ளி சோதிச்சுப் பாத்தப்ப டிடிடி, டைஎல்ட்ரின் மாதிரி பூச்சிமருந்துகளோட 2,4,5-டிங்கற களைக்கொல்லியும் இருந்துச்சு. பின்னாடி மிசிசிப்பி, அயோவா, இண்டியானா பக்கம் சாகுபடி சீசன்ல காத்தையும் மழையையும் பிடிச்சுப் பாத்து 2011ல வெளியிட்டாங்க, இடத்தைப் பொறுத்து 60லேர்ந்து 100 சதவீதம் சாம்பிள்ல கிளைபோசேட். கிளைபோசேட் பெட்ரோல் மாதிரி ஆவியாகுற சாமானே கிடையாது, அது காத்துல இருக்குன்னா ஸ்ப்ரே அடிக்கும்போது சிதறுன பொடித்துளியா வந்திருக்கணும், இல்லன்னா தூசியில தொத்திக்கிட்டு வந்திருக்கணும். பிரான்ஸ்ல 2018 ஜூன்லேர்ந்து ஒரு வருஷம் 50 இடத்துல 75 மருந்தைக் காத்துல தேடுனாங்க, நகரங்களும் அதுல சேத்திதான்.

நம்ம பக்கம் எப்பன்னு கேட்டா, திருவள்ளூர் மாவட்டத்துப் பயிர்க் காலத்தைப் பாத்தாலே புரியும். நவரை பட்டம் அறுப்பு சித்திரை வாக்குல முடியும். போர் தண்ணி இருக்கறவங்க சொர்ணவாரிங்கற அடுத்த பட்டம் நெல்லு வைப்பாங்க, அந்த வயல் ஈரமா இருக்கும், அதுலேர்ந்து ஒரு துளி புழுதி வராது. தண்ணி இல்லாத வயல் தரிசா கிடக்கும், கோடை உழவு ஓட்டிப் போடுவாங்க. வைகாசி கடைசியில மேல்காத்து திரும்பும், கடக்கரையில கச்சான்னு சொல்றது, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்துலேர்ந்து நேரா செங்குன்றம், மாதவரம், மணலி வழியா நம்ம தலைமேல வந்து கடல்ல இறங்கும், மதியத்துக்கு மேல கடல்காத்து உள்ள வந்தாத்தான் நிக்கும். ஆடியில புழுதி விதைப்பு. பேரே அதுதான், புழுதியா ஓட்டி காஞ்ச மண்ணுலயே நெல்லை விதைச்சுட்டு மழையை எதிர்பாத்து உக்காந்திருப்பாங்க. முதல் மழை ஈரத்துல பென்டிமெத்தலின் அடிச்சு, அடுத்த மழை பத்து நாள் தள்ளிப் போச்சுன்னா, மருந்து அடிச்ச மேல்மண்ணு காஞ்சு அந்த ஆடிக்காத்துக்கு முன்னாடி திறந்து கிடக்கும். நான் பயப்படற நாட்கள் அதுதான். ஐப்பசி, கார்த்திகையில இந்தப் பிரச்சனை இல்ல, காத்து கடல்லேர்ந்து வரும், மண்ணும் நனைஞ்சிருக்கும்.

காத்து மட்டும்தான் வழின்னும் இல்ல. வயல் வண்டல் கடைசியில ஏரிக்குத்தான் வடியும், அந்த ஏரியில வெட்டுன சவுடு மண்ணு தார்ப்பாய் சரியா மூடாத லாரியில வந்து நம்ம ஊர்ல மனைக்குக் கொட்டப்படுது. அது எழுப்புற தூசி மேல்காத்து மாதிரி ஒரு சீசனுக்குன்னு இல்ல, வருஷம் பூரா.

வீட்டுக்குள்ள வந்துட்டா கதை இன்னும் நீளும். வெளிய கிடக்கற மருந்தை வெயில் சிதைக்கும், மழை கழுவும், கிருமி தின்னும். பீரோவுக்குப் பின்னாடி கிடக்கற தூசிக்கு இது மூணும் கிடையாது. அமெரிக்காவுல டிடிடியை 1972ல தடை பண்ணி முப்பது வருஷம் கழிச்சும் வீட்டுத் தூசியில அது இருந்துச்சு. புல்தரைக்கு 2,4-டி அடிச்ச வீடுகள்ல அது எப்படி உள்ள வருதுன்னு ஆராஞ்சப்ப, முக்கியமா செருப்பு ஷூ வழியாவும் வளக்கற நாய் வழியாவும் வந்துச்சு. நம்ம வாசல்லயே செருப்பை விடறோமே, அது எவ்வளவு பெரிய காரியம்னு அதைப் படிச்சப்பதான் உறைச்சுது. அதே மாதிரி அம்மாவோட ஈரத்துணியும், காஞ்ச தொடப்பத்தால பெருக்குனா இந்த சன்னத்தூசி எழும்பி திரும்ப மூக்குக்குத்தான் வரும்.

சரி, இது எவ்வளவு ஆபத்து? பயமுறுத்தறதுக்காக எழுதலை, அதனால கணக்கையும் போட்டுடறேன். ஐரோப்பாவுல 317 வயல் மண்ணை சோதிச்சதுல 45 சதவீதத்துல கிளைபோசேட்டோ ஏஎம்பிஏவோ இருந்துச்சு, அதிகபட்சம் கிலோவுக்கு 2 மில்லிகிராம். தூசியில அதைவிட பத்து மடங்கு செறிவா இருக்குன்னே வச்சுக்கலாம், தரையில தவழற ஒரு குழந்தை ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் தூசியை வாயில போட்டுக்குதுன்னும் வச்சுக்கலாம். உள்ள போறது 0.002 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்ற ஒரு நாள் வரம்பு, 12 கிலோ குழந்தைக்கு 6 மில்லிகிராம். மூவாயிரத்துல ஒரு பங்கு. ஆக தூசியால மட்டும் உடனே யாரும் விழுந்துட மாட்டாங்க, மருந்து அடிக்கிற கூலி ஆளு மேல படறதோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல, எங்க சித்தப்பா கை ஒரு நாள்ல பட்டதை நம்ம மாடித் தூசி வருஷம் பூரா வந்தாலும் தொடாது.

ஆனா அந்தக் கணக்கோட நிக்கவும் முடியல. அந்த வரம்பு வாய் வழியா சாப்பிடறதுக்குப் போட்டது, நுரையீரலுக்குள்ள போய் உக்காரறதுக்குப் போட்டதில்ல. ஒரு மருந்துக்குத்தான் போட்டது, அதே ஐரோப்பிய மண்ணுல 58 சதவீதத்துல ரெண்டு மூணு மருந்து கலந்தே இருந்துச்சு. கிளைபோசேட்டை 2015 மார்ச்சுல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளதுன்னு வகைப்படுத்துச்சு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு அப்படி இல்லன்னுது, அந்தச் சண்டை இன்னும் கோர்ட்டுல ஓடுது. இந்தியாவுல 2022 அக்டோபர்ல பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைத் தவிர வேற யாரும் கிளைபோசேட் அடிக்கக்கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. இதையெல்லாம் விட எனக்குப் பெருசா படறது, வடசென்னைக் குழந்தையோட நுரையீரலுக்கு இது முதல் தூசி கிடையாது. நிலக்கரி, சாம்பல், லாரிப் புகை, கொடுங்கையூர் குப்பைப் புகை எல்லாம் ஏற்கனவே வாங்கிக்கிட்ட நுரையீரல்ல வந்து இதுவும் உக்காருது. தனித்தனியா ஒவ்வொண்ணும் வரம்புக்குள்ள இருக்குன்னு காட்டிட்டா அந்தக் குழந்தைக்கு மூச்சு லேசாயிடாது.

விவசாயி மேல பழி போடற கட்டுரையா இதைப் படிச்சுடாதீங்க. களை எடுக்க ஆள் கிடைக்கல, கிடைச்சாலும் ஒரு ஏக்கருக்கு ஆகுற கூலிக்கு மருந்து எத்தனையோ மடங்கு மலிவு, சித்தப்பா காலத்துல வரிசையா உக்காந்து பாட்டு பாடிக்கிட்டே களை எடுத்த பொம்பளைங்க மக எல்லாம் இப்ப கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ல போறாங்க, போகட்டும், அந்த வெயில்ல குனிஞ்சு கிடந்த முதுகுக்கு விடுதலைதான். உழாம விதைச்சா புழுதி எழும்பாது, ஆனா உழாத வயல்ல களைக்கு மருந்தைத்தான் நம்பணும், இந்தச் சிக்கல் உலகம் பூரா இருக்கு. நம்ம நிலத்துக்கு நடுவுல ஒரு வழி இருக்கு, நவரை அறுத்ததும் இருக்கற ஈரத்துல தட்டைப்பயறோ தக்கைப்பூண்டோ தெளிச்சு விட்டா ஆனிக்காத்துக்குத் தரை மூடியிருக்கும், களையும் குறையும், உரமும் ஆகும். பொன்னேரி, பழவேற்காடு பக்கம் ஏற்கனவே சவுக்கு போடறாங்க, அதையே மேக்கு வரப்புல ரெண்டு வரிசை வச்சா காத்து வேகம் உடையும். நெல்லுல கையால தள்ளி களையெடுக்கற கோனோவீடர் கருவியை ஓட்டுனா ஒரு தடவை மருந்து மிச்சம். சித்தப்பா தட்டைப்பயறு போட்டுப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார், விதை விலையைத்தான் யோசிக்கிறார், அந்த விதையை மானியத்துல குடுக்கறது அரசாங்கத்துக்குப் பெரிய செலவும் இல்ல.

நம்ம பக்கம் செய்ய வேண்டியது அளக்கறது. 2009ல வந்த தேசிய காற்றுத் தர வரம்புல 12 மாசு இருக்கு. பிஎம் 10, பிஎம் 2.5, ஈயம், ஆர்செனிக், நிக்கல், பென்சீன் எல்லாம் இருக்கு. ஒரு களைக்கொல்லியும் இல்ல, ஒரு பூச்சிமருந்தும் இல்ல. மணலியில, கொடுங்கையூர்ல, ராயபுரத்துல மெஷின் வச்சு நிமிஷத்துக்கு நிமிஷம் தூசியை எடை போடறாங்க, எடை தெரியுது, அதோட மேல என்ன ஒட்டியிருக்குன்னு பாக்கறதில்ல. இதுக்குப் புதுசா ஸ்டேஷன் கட்ட வேண்டாம். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலியில ஆளு போய்ப் பாக்கற பழைய ஸ்டேஷன்கள் இருக்கு, அதுல காத்தை இழுத்து தூசியை ஒரு பில்டர் தாள்ல பிடிப்பாங்க, வாரத்துக்கு ரெண்டு நாள், வருஷத்துக்கு 104 தாள். எடை பாத்து முடிஞ்சதும் அந்தத் தாள்ல ஒரு துண்டை வெட்டி, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல காய்கறிக்கு மருந்து எச்சம் பாக்கற லேப் இருக்கே, அங்க அனுப்பி பென்டிமெத்தலின், பியூட்டாகுளோர், பாராகுவாட், கிளைபோசேட், ஏஎம்பிஏ அஞ்சை மட்டும் முதல்ல பாக்கச் சொல்லலாம். 104 தாளும் வேண்டாம், ஆனி, ஆடி ரெண்டு மாசத்துத் தாள் பதினெட்டு வரும், அதுலேர்ந்து ஆரம்பிச்சா போதும்.